பழைய தையல் மிஷினும் ஒட்டுப்போர்வையும்: கணித, அறிவியல் வகுப்புக்கு ஒரு பாடப்பொருள்

உங்கள் பள்ளியின் பொருள் வைப்பறையில், கால் உடைந்த மேசைகளுக்குப் பின்னால், ஒரு மிதி தையல் இயந்திரம் நிற்கிறதா என்று பாருங்கள். தையல் வகுப்பு நடந்த காலத்தில் வாங்கியதாக இருக்கும். கழிவுப் பொருள் பட்டியலில் அதன் பெயரை எழுதுவதற்கு முன் ஒரு மாதம் வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள் என்பதுதான் இக்கட்டுரையின் வேண்டுகோள். பள்ளியில் இல்லாவிட்டால் ஊரில் இருக்கும். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் பெற்ற மிஷின் நம் மாணவர்களின் வீடுகளிலேயே இருக்கக்கூடும்.

இன்று குழந்தைகள் கையில் எடுக்கும் கருவிகள் பெரும்பாலும் மூடிய பெட்டிகள். உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது. மிதி இயந்திரம் அப்படியல்ல. கால் கொடுக்கும் விசை எங்கே தொடங்கி, எந்த வழியாகப் போய், ஊசிமுனையில் எப்படி முடிகிறது என்பதை விரலால் தொட்டுக் காட்டலாம்.

நீண்ட நாள் ஓடாமல் நின்ற இயந்திரம் இறுகிப் போயிருக்கும். பயப்பட வேண்டாம்; பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகக் காய்ந்திருப்பதே காரணம். எண்ணெய்த் துளைகளில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, ஒருநாள் கழித்துத் துடைத்து, பிறகு மிஷின் எண்ணெய் விட்டால் அசையத் தொடங்கும். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் சிறிது வெட்டிக் கம்பிக் கொக்கியால் மீண்டும் இணைக்க வேண்டும். பக்கத்துத் தையல்காரர் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார். மாணவர்கள் பாகங்களைத் தொட்டுப் பார்க்கும்போது ஊசியைக் கழற்றி, பெல்ட்டையும் சக்கரத்திலிருந்து இறக்கிவிடுங்கள். ஓடும்போது சடையும் துப்பட்டாவும் பெல்ட்டுக்கு அருகில் போகக்கூடாது.

முதல் பாடவேளைக்கு நூலே வேண்டாம். ஒரு பழைய ஊசியும் ஒரு துண்டு அட்டைத்தாளும் போதும். (காகிதத்தில் ஓட்டிய ஊசி முனை மழுங்கும், அதைத் துணிக்குப் பயன்படுத்த முடியாது. ஆகவே பழைய ஊசி.) கீழே இருக்கும் பெரிய சக்கரத்தின் பள்ளத்தில் ஒரு நூலைச் சுற்றி அதன் சுற்றளவை மாணவர்கள் அளக்கட்டும். மேலே கைச்சக்கரத்தின் பள்ளத்தையும் அவ்வாறே அளக்கட்டும். எங்கள் பள்ளி இயந்திரத்தில் பெரியது 97 செ.மீ., சிறியது 23.5 செ.மீ. வந்தது. வகுத்தால் ஏறத்தாழ 4.13. அதாவது பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றினால் சிறியது நான்கு முறைக்குச் சற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். கைச்சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஊசி ஒருமுறை குத்தும். பெரிய சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டுச் சரியாகப் பத்துச் சுற்றுச் சுற்றி, அட்டையில் விழுந்த துளைகளை எண்ணச் சொன்னேன். 41 துளைகள். கணக்குப்படியும் 41.3. ஆறாம் வகுப்பில் விகிதம் என்ற பாடத்தை 4 : 1 என்று கரும்பலகையில் எழுதுவதற்கும், குழந்தை தன் விரலால் 41 துளைகளைத் தடவி எண்ணுவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. சில குழுக்களுக்கு 40 வரும். பெல்ட் வழுக்குகிறது என்பதை அவர்களே சொல்வார்கள், சொல்லும்வரை காத்திருங்கள்.

இரண்டாவது, நிலைமம். பத்தாம் வகுப்பில் 'இயக்க விதிகள்' பாடத்தில் பேருந்து திடீரென நிற்பதையே நாம் எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். மிதிப்பலகை மேலும் கீழும் ஆடுகிறது. அதை ஒரு கம்பி சக்கரத்தின் வளைந்த அச்சோடு இணைத்துச் சுழற்சியாக மாற்றுகிறது. கம்பியும் அச்சின் வளைவும் ஒரே நேர்கோட்டில் வரும் இரண்டு நிலைகளில், எவ்வளவு பலமாக மிதித்தாலும் சக்கரம் நகராது. மாணவர்களை மிதிக்கச் சொல்லுங்கள். வகுப்பிலேயே வலுவான பையன் தோற்றுப்போவான். கைச்சக்கரத்தை ஒரு விரலால் தள்ளித் தொடங்கி வைத்தால் சிறுமி ஒருத்தி எளிதாக ஓட்டுவாள். ஓடத் தொடங்கிய பிறகு அந்த இரண்டு நிலைகளையும் சக்கரம் எப்படிக் கடக்கிறது? அதன் சொந்த இயக்கத்தால். பெரிய சக்கரத்தைக் கனமான வார்ப்பிரும்பில் செய்திருப்பதன் காரணம் அங்கே விளங்கும். தையல் தெரிந்தவர்கள் கைச்சக்கரத்தைத் தம் பக்கமாகச் சுழற்றித் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். எதிர்த்திசையில் ஓடினால் நூல் சிக்கி அறுந்துவிடும்.

தையல் எப்படி விழுகிறது என்பதுதான் குழந்தைகளைத் திகைக்க வைக்கும் பகுதி. கைத்தையலில் ஊசி முழுவதும் துணியைக் கடந்து மறுபக்கம் போகிறது. இயந்திரத்தில் போவதில்லை, ஊசியின் காது முனைக்கு அருகில் இருக்கிறது. ஊசி அடிவரை இறங்கிச் சற்றே மேலேறும்போது, துணி நூலைப் பிடித்துக்கொள்வதால் ஊசியின் ஒரு பக்கத்தில் நூல் சிறு வளையமாகப் புடைக்கிறது. சுழலும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, கீழ்நூல் இருக்கும் பாபினை முழுவதுமாகச் சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது. பிறகு மேலே உள்ள நெம்பு அதை இழுத்து இறுக்குகிறது. "பாபின் உள்ளே மாட்டியிருக்கிறதே, நூல் எப்படி அதைச் சுற்றி வரும்?" என்று ஒரு மாணவியாவது கேட்பாள். பாபின் கூடு எந்த அச்சிலும் இறுக்கமாகப் பொருத்தப்படவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பதே விடை. இதை விளக்க ஒரு சொம்பும் ஒரு தாம்புக்கயிறும் போதும். சொம்பு பாபின், கயிறு மேல்நூல், ஒரு மாணவன் கொக்கி. சொம்பை ஒருவன் உள்ளங்கையில் ஏந்திக்கொள்ள, கயிற்று வளையத்தை அதன் மேலாகவும் அடியாகவும் விரித்து மறுபக்கம் கொண்டுவர வேண்டும். கை குறுக்கே வரும் கணத்தில் இன்னொருவன் சொம்பைப் பிடித்துக்கொள்வான். எங்கள் வகுப்பில் மூன்று முறை சொம்பு விழுந்தது. நான்காவது முறை புரிந்தது.

அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் முனையில் காதுள்ள ஊசியும் இருநூல் தையலும் கொண்ட இயந்திரத்துக்கு 1846-இல் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851-இல் தம் மேம்பட்ட இயந்திரத்துக்குப் பெற்றார். அதற்கும் முன்பே பிரான்சில் பார்தலெமி திமோனியே செய்த இயந்திரங்களை, தம் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையல்காரர்கள் 1831-இல் உடைத்துப் போட்டார்கள். சமூக அறிவியல் ஆசிரியர் தொழிற்புரட்சி நடத்தும்போது இந்தக் கடைசிச் செய்தியை விட்டுவிடக்கூடாது.

இனிப் போர்வைக்கு வருவோம். நம் மாணவர்களின் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் தைக்கிறார்கள். அப்படித் தைக்கும் தாய்மார்களிடமும் ஊர்த் தையற்கடைகளிலும் வெட்டுத் துண்டுகள் கிடைக்கும். அவற்றைச் சதுரங்களாக வெட்டி, பக்கத்து அங்கன்வாடிக்கு ஒரு ஒட்டுப்போர்வை தைப்பது என்று ஏழாம் வகுப்பு முடிவு செய்தது. முடிவில் ஒவ்வொரு சதுரமும் 10 செ.மீ. இருக்க வேண்டும், அகலத்தில் 6, நீளத்தில் 8, மொத்தம் 48. தையலுக்கு நான்கு பக்கமும் 1 செ.மீ. விட வேண்டும். எனவே வெட்டும் அளவு 12 செ.மீ.

ஒரு குழு, "சின்னச் சின்னதாக வெட்டினால் இன்னும் அழகாக இருக்கும், துணியும் மிச்சமாகும்" என்றது. உதவிக்கு வந்திருந்த ஒரு மாணவியின் அம்மா, தலையை நிமிர்த்தாமலே, "துண்டு சின்னதாக ஆக ஆக, பாதித் துணி தையலுக்குள்ளேயே போயிடும் டீச்சர்" என்றார். அந்த மாணவி படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியவள். வீட்டில் அம்மா தினமும் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். "அது வேலை இல்ல டீச்சர், வீட்லதான இருக்காங்க" என்பது அவள் விளக்கம்.

அவர் சொன்னதையே அன்றைய பாடமாக்கினோம். 12 செ.மீ. சதுரத்தின் பரப்பு 144. தைத்தபின் தெரிவது 100. உள்ளே போனது 44 ச.செ.மீ., ஏறத்தாழ 31 விழுக்காடு. 22 செ.மீ. வெட்டினால் 484-இல் 400 தெரியும்; இழப்பு 17 விழுக்காடுதான். 7 செ.மீ. வெட்டினால் 49-இல் 25 மட்டுமே தெரியும்; இழப்பு 49 விழுக்காடு. அவர் சொன்ன பாதி அப்படியே வந்து நின்றது! அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியது அவருடைய மகள்தான். எட்டாம் வகுப்புக்கு இதையே முற்றொருமையாகக் கொண்டுபோகலாம். (a + 2)² என்பதிலிருந்து a² போனால் மிஞ்சுவது 4a + 4. துணியை விரித்துக் காட்டினால் 4a என்பது நான்கு ஓரப் பட்டைகள், 4 என்பது நான்கு மூலைகள். மூலையைக் கத்தரித்துக் கையில் கொடுத்துவிடலாம்.

பிழை எப்படிச் சேர்கிறது என்பதும் இங்கே கண்ணுக்குத் தெரியும். நீளவாக்கில் 8 சதுரங்களை இணைக்க 7 தையல்கள். ஒவ்வொரு துண்டிலும் 1 மி.மீ. கூடுதலாகத் தைத்துவிட்டால், ஒரு தையலுக்கு 2 மி.மீ. வீதம் வரிசை 1.4 செ.மீ. குறைந்துவிடும். ஒரு குழுவின் வரிசை மற்றொரு குழுவின் வரிசையோடு சேராதபோது அளவுகோலின் அருமை தெரிகிறது. சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டி முக்கோணமாக்கும் ஆசை நிச்சயம் வரும். அனுமதியுங்கள். பாவு நூலின் திசையிலும் ஊடை நூலின் திசையிலும் துணி அதிகம் நீளாது. மூலைவிட்டத்தில் இழுத்தால் நீளும். தையல்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்வது இதைத்தான்.

மேல்துணி, நடுவில் பழஞ்சேலை, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதே போர்வையின் கடினமான கட்டம். இயந்திரத்தின் பற்கள் அடித்துணியை மட்டுமே பிடித்து நகர்த்துகின்றன. மேல்துணியை அழுத்தும் பாதம் உராய்ந்து பின்னுக்கு இழுக்கிறது. எனவே மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழும். மூன்றையும் முதலில் கையால் பெரிய ஓட்டுத்தையல் போட்டுப் பிணைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்து, தையலின் நீளத்தையும் சற்றுக் கூட்டிவைத்தால் இது குறையும். மிதி இயந்திரத்தின் மெதுவான ஓட்டம் இங்கே வரம்தான். ஒவ்வொரு குத்தாக நிறுத்தி நிறுத்திப் போகலாம். முடித்து அளந்தபோது எங்கள் போர்வை 60க்கு 80 வரவில்லை, 59க்கு 78.5 தான் வந்தது. காரணங்களை எழுதி வரச் சொன்னதே அந்த வாரத்தின் மதிப்பீடு.

அமெரிக்காவில் மிதி இயந்திரம் வீடுகளுக்குப் பரவியபின் பலர் துண்டுகளை இயந்திரத்தில் இணைத்து, அடுக்குகளைக் கையால் தைத்தார்கள். அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்தோடும் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடைகளைக் கொண்டு தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. குளிருக்காகத் தைத்தவை அவை. வங்காளத்தின் காந்தாவும் கர்நாடகத்தின் கவுதியும் பழந்துணியிலிருந்தே பிறந்தவை. நம் தேர்களில் தொங்கும் தொம்பைகளில் வண்ணத் துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்திருப்பதைத் திருவிழாவின்போது மாணவர்கள் பார்த்து வரட்டும்; சமச்சீர்க் கோடுகளை அங்கேயே வரைந்து வரலாம்.

தமிழாசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு. பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜி. ராமச்சந்திரன், மாணவராக இருந்தபோது 1924-இல் காந்தியடிகளைச் சந்தித்து, நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரானவரா என்று கேட்டார். விதிவிலக்காகக் காந்தியடிகள் சுட்டியது சிங்கர் தையல் இயந்திரத்தை. மனைவி தைத்துச் சோர்வதைக் கண்ட அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் சொன்ன காரணம். வரலாற்றில் சிங்கர், பாஸ்டன் நகரப் பட்டறை ஒன்றில் பழுதுபார்க்க வந்த தையல் இயந்திரத்தைக் கண்டு அதை மேம்படுத்தியவர். திமோனியேயின் இயந்திரங்களை உடைத்தவர்களை ஒரு பக்கமும் காந்தியடிகளின் விதிவிலக்கை மறுபக்கமும் வைத்து ஒன்பதாம் வகுப்பில் சொற்போர் நடத்திப் பாருங்கள்.

சொற்போருக்கு முன் ஒவ்வொரு மாணவரும் தெருவில் மிஷின் வைத்திருக்கும் ஒருவரைச் சந்தித்து மூன்று கேள்விகள் கேட்டு வரட்டும்: ஒரு நாளில் எத்தனை உருப்படி தைக்கிறீர்கள், ஒன்றுக்குக் கூலி எவ்வளவு, நூலுக்கும் ஊசிக்கும் எவ்வளவு போகிறது? சொந்த அம்மாவையே கேட்டாலும் சரி. நாள் வருமானத்தைக் கணக்கிட்டு, வகுப்பு முழுவதன் விவரத்தையும் பட்டை விளக்கப்படமாக வரைய ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.