வாடகை வீட்டு வகீலை விலக்கும் முறை



தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றின் சட்டங்களை ஆலிம்களிடம் கேட்டறிந்து நடக்கும் நாம், கொடுக்கல் வாங்கல் என்று வந்துவிட்டால் மனம் போன போக்கில் நடந்துகொள்கிறோம். "வீடு என்னுடையது, அதைப் பார்த்துக்கொள்பவர் நான் வைத்த ஆள். வேண்டாமென்றால் விலக்கிவிடுகிறேன். இதில் மார்க்கத்திற்கு என்ன வேலை?" என்று கேட்போரும் உண்டு. மார்க்கத்திற்கு இங்கே வேலை நிரம்ப இருக்கிறது. அல்லாஹ்வுக்குச் செய்யவேண்டிய கடமையில் குறை வைத்தவர் அவனிடம் தவ்பாச் செய்து மன்னிப்புக் கேட்கலாம். அடியார்களின் ஹக்கில் குறை வைத்தவரோ, அதை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். அல்லது அவருடைய மன்னிப்பைப் பெற வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்து கடல் கடந்து சென்று பொருளீட்டும் சகோதரர்கள் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் ஊரில் ஒரு வீட்டைக் கட்டுகிறார்கள். அதை வாடகைக்கு விட்டு, பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்துகிறார்கள். அமர்த்தும்போது இருக்கும் இனிமை விலக்கும்போது இருப்பதில்லை. ஆகவே விலக்கும் முறையை அறிந்துகொள்வது அவசியமாகிறது.

ஒரு நிலைமை

இப்படி ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். துபாயில் வேலை பார்க்கும் ஒருவருக்குத் திண்டிவனத்தில் இரண்டு குடித்தனம் உள்ள வீடு இருக்கிறது. விழுப்புரத்திலுள்ள தரகர் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்கிறார். குடிவைப்பது, அட்வான்ஸ் வாங்குவது, வாடகையை வசூலித்து அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. வாடகையில் பத்தில் ஒரு பங்கு அவருக்குக் கூலி.

மூன்று மாதமாகப் பணம் ஒழுங்காக வரவில்லை. கோபங்கொண்ட வீட்டுக்காரர், "அவரை நிறுத்திவிட்டேன்" என்று தம் மனைவியிடமும் மச்சானிடமும் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். தரகரிடம் சொல்லவில்லை. மறுவாரம் தரகர், காலியாக இருந்த பகுதியில் ஒரு குடும்பத்தை 11 மாத ஒப்பந்தத்தில் குடிவைத்து 20,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்குகிறார். மற்றப் பகுதியில் இருப்பவரும் வழக்கம்போல் அவரிடமே வாடகையைக் கொடுக்கிறார். பிறகு மச்சான் வருகிறார். புதிதாக வந்த குடும்பத்தைக் காலி செய்யச் சொல்கிறார். பழைய குடித்தனக்காரரிடம், "தரகரிடம் கொடுத்தது செல்லாது, எங்களுக்கு மீண்டும் கொடு" என்கிறார்.

நியாயம் யார் பக்கம்?

வகாலத்தும் அமானிதமும்

நமக்காக ஒரு காரியத்தைச் செய்ய இன்னொருவரை நியமிப்பதற்கு ஃபிக்ஹில் 'வகாலத்' என்று பெயர். நியமிப்பவர் முவக்கில், நியமிக்கப்படுபவர் வகீல். நபி (ஸல்) அவர்களே வகீல்களை நியமித்திருக்கிறார்கள். ஓர் ஆடு வாங்கி வரும்படி உர்வா (ரலி) அவர்களிடம் ஒரு தீனாரைக் கொடுத்தார்கள். அவர் அந்தத் தீனாருக்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள் என்று புகாரியில் வருகிறது. கிடைத்த லாபத்தையும் மறைக்காமல் உடையவரிடம் சேர்த்தாரே, அதுதான் வகீலுக்கு இலக்கணம்.

வகீலின் கையிலுள்ள பொருள் அமானிதம். அவருடைய குற்றமோ கவனக்குறைவோ இல்லாமல் சேதம் நேர்ந்தால் அவர் பொறுப்பாளியல்லர். மழையில் சுவர் இடிந்ததற்கும், குடித்தனக்காரர் சொல்லாமல் ஓடிப்போனதற்கும் வகீலின் கூலியைப் பிடித்துக்கொள்வது முறையாகாது. ஆனால் வசூலித்த வாடகையைத் தம் செலவுக்கு எடுத்துக்கொண்டால் அது அமானித மோசடி. அந்தப் பணத்தை அவர் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும்.

அறிவிக்காத விலக்கம்

வகீலை விலக்கும் உரிமை முவக்கிலுக்கு உண்டு. இதில் கருத்து வேறுபாடு இல்லை. விலக்கம் எப்போது நடைமுறைக்கு வரும் என்பதில்தான் இமாம்களிடையே வேறுபாடு இருக்கிறது.

ஹனஃபி மத்ஹபின்படி, விலக்கிய செய்தி வகீலைச் சென்றடையும்வரை அவர் வகீலாகவே இருக்கிறார். அதுவரை அவர் செய்தவை செல்லும். உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டமும் இதையே கூறுகிறது. ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி, செய்தி சேராவிட்டாலும் அவர் அப்போதே விலகியவராகிறார். ஆயினும் வகீல் ஒரு காரியத்தைச் செய்து முடித்த பிறகு, "நான் முன்பே விலக்கிவிட்டேன்" என்று முவக்கில் வாயால் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது என்பதால், விலக்கும்போதே சாட்சி வைத்துக்கொள்ளும்படி ஷாபிஈ இமாம்கள் எச்சரித்துள்ளார்கள். ஆக, எந்த மத்ஹபைப் பின்பற்றுவோரானாலும் தெளிவாக அறிவித்துவிடுவதே பேணுதலாகும்.

குர்ஆனில் அல்அன்ஃபால் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தைச் சிந்தியுங்கள். உடன்படிக்கை செய்துகொண்ட கூட்டத்தார் துரோகம் செய்வார்கள் என்று அஞ்சினாலும், உடன்படிக்கை முடிந்துவிட்டதை அவர்களுக்கு வெளிப்படையாக அறிவித்துவிட வேண்டும் என்பது அதன் கருத்து. பகைவரிடமே இந்த நேர்மை வேண்டுமென்றால், நம் வீட்டைப் பார்த்துக்கொண்டவரிடம் எவ்வளவு வேண்டும்!

நாட்டின் சட்டமும் அதுவே

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 208ஆம் பிரிவில், விலக்கம் முகவருக்குத் தெரியவரும்போதுதான் அவரைப் பொறுத்தவரை நடைமுறைக்கு வரும் என்றும், மற்றவர்களைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரியவரும்போதுதான் வரும் என்றும் கூறுகிறது. அதற்கு அச்சட்டம் தரும் உதாரணம் ஒன்று நம் ஊர்ப் பெயரோடு வருகிறது. சென்னையிலிருக்கும் ஒருவர், பம்பாய்க் கிடங்கிலுள்ள தம் பருத்தியை விற்கும்படி முகவருக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு விற்க வேண்டாமென்று மறுகடிதம் எழுதுகிறார். அது கிடைத்த பின்பும் முகவர் பருத்தியை விற்று, பணத்தோடு ஓடிவிடுகிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. அவர் கொடுத்த பணம் உடையவருக்குக் கொடுத்ததாகவே கொள்ளப்படும்.

நாம் எடுத்துக்கொண்ட நிலைமைக்கு இதில் விடை இருக்கிறது. விலக்கியது தெரியாமல் தரகரிடம் வாடகை கொடுத்தவர் கொடுத்து முடித்தவர்தான். அவரிடம் மீண்டும் கேட்பது அநியாயம். புதிதாக வந்த குடும்பத்தின் ஒப்பந்தமும் வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தும். அவர்களுடைய அட்வான்ஸ் தரகர் கையில் சிக்கியிருந்தாலும், அது வீட்டுக்காரர் தலைமேலுள்ள கடன். தரகரிடமிருந்து வசூலிப்பது அவர் பாடு. காலி செய்யும் நாளில் அந்த ஏழைக் குடும்பத்தைக் கை விரித்து அனுப்பினால், மறுமையில் நன்மைகளை இழந்து நிற்கும் பரம ஏழையைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்களே, அந்த நிலை நமக்கு நேராதிருக்குமா?

விலக்குவோர் கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி அல்மாயிதாவின் முதல் வசனம் கட்டளையிடுகிறது. ஒரு மாத முன்னறிவிப்பு என்று எழுதியிருந்தால் அந்த மாதத்தைக் கொடுத்தாக வேண்டும். ஒரு காலக்கெடு பேசி, தகுந்த காரணமின்றி இடையில் நிறுத்தினால், நஷ்டஈடு தரவேண்டிவரும் என்று அச்சட்டத்தின் 205ஆம் பிரிவு கூறுகிறது. முகவர் உங்களுக்குக் கடன் கொடுத்து, அதை வாடகையிலிருந்து கழித்துக்கொள்ளப் பேசியிருந்தால், அவருடைய அந்த உரிமையைத் தீர்க்காமல் விலக்க வேண்டாம்.

இரண்டாவதாக, எழுத்தில் அறிவியுங்கள். எந்தத் தேதியிலிருந்து பொறுப்பு முடிகிறது என்பதைக் குறிப்பிடுங்கள். பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். அதே நாளில் குடித்தனக்காரர்களுக்கும் எழுதுங்கள். இனி வாடகையை யாரிடம், எந்த வங்கிக் கணக்கில் செலுத்துவது என்பதைச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் கடிதம் மட்டும் போதாது. அது பதிவான சார்பதிவாளர் அலுவலகத்திலேயே ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்யுங்கள். அயல்நாட்டிலிருந்தபடி செய்வதானால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, பத்திரம் இந்தியா வந்துசேர்ந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும்.

நான்காவதாக, கணக்குக் கேளுங்கள். கேட்டவுடன் கணக்குக் காட்டுவது முகவரின் கடமை. பெற்ற வாடகை, வாங்கிய அட்வான்ஸ், பழுதுபார்த்த செலவு, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், சாவிகள் ஆகியவற்றை ஜமாஅத்தில் நம்பிக்கையான இருவர் முன்னிலையில் பட்டியல் எழுதிப் பெற்றுக்கொள்ளச் செய்யுங்கள்.

ஐந்தாவதாக, அவர் உழைத்த நாள்வரை கூலியைக் கொடுத்துவிடுங்கள். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற ஹதீஸை மறவாதீர்கள். நமக்கு மோசடி செய்தவருக்கும் நாம் மோசடி செய்யலாகாது என்பதும் நாயகவாக்கு. அவர் தரவேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். அதற்காக அவர்மீது இல்லாத பழியைச் சுமத்தாதீர்கள்.

அடுத்தவரை நியமிக்கும்போது, வாடகை உங்கள் என்.ஆர்.ஓ. கணக்கிற்கே நேராக வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். தமிழகத்தில் 22.2.2019 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். பாதி வம்புகள் இதனாலேயே தீரும்.

சகோதரர்களே! வீடு நமக்கு; அதில் குடியிருப்போரின் கண்ணீர் நமக்கு வேண்டாம். கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், பிரியும்போதும் நீதியையும் கடைப்பிடிக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.