தசமபாக நோட்டும் கர்த்தருடைய பந்தியும்

வேதபாடம்: எண்ணாகமம் 30:10-15, 1 கொரிந்தியர் 7:12-16, 11:20-29



போன மாதம் வாலிபர் கூடுகையில் ஒரு தம்பி எழுந்து, "பாஸ்டர், பெங்களூருல மார்மன் சபைக்காரங்களுக்கு ஆலயம் வருதாமே, தசமபாகம் குடுக்காதவங்கள உள்ளயே விடமாட்டாங்களாமே, நெசங்களா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அன்றைக்கு நேரமில்லாமல் போனதால் இந்த மாதப் பாடமாகவே எழுதுகிறேன்.

மார்மன் என்று நாம் சொல்லுகிற சபை 1830ல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் என்பவரால் தொடங்கப்பட்டது. பிற்காலப் பரிசுத்தவான்கள் என்று தங்களைச் சொல்லிக் கொள்ளுகிறார்கள். இந்தியாவில் தங்கள் முதல் ஆலயத்தை பெங்களூரில் கட்டப்போவதாக 2018 ஏப்ரலில் அறிவித்து, 2020 டிசம்பரில் வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் உபதேசத்துக்கும் நம்முடைய உபதேசத்துக்கும் தூரம் அதிகம். மார்மன் புஸ்தகத்தை நாம் வேதமாக ஏற்றுக்கொள்ளுகிறதில்லை. அது வேறு பாடம். தம்பி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிறேன்.

அவர்களுடைய ஞாயிறு ஆராதனைக்கு யாரும் போகலாம். ஆலயம் வேறு. அதற்குள் போக ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும். உள்ளூர்த் தலைவர் ஒருவரும், அவருக்கு மேலே உள்ளவர் ஒருவரும் தனித்தனியே உட்கார வைத்துக் கேள்விகள் கேட்பார்கள். அதில் ஒன்று, முழு தசமபாகம் கொடுக்கிறாயா என்பது. தகுதி உண்டு என்று கண்டால் சீட்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சீட்டு இல்லாத தாய் தகப்பன், பெற்ற பிள்ளைக்கு ஆலயத்துக்குள் நடக்கிற கலியாணத்தைப் பார்க்க முடியாது, வெளியே காத்திருக்க வேண்டியதுதான். புருஷன் அந்த சபையைச் சேராதவனாயிருந்தால், மனைவி எத்தனை வைராக்கியமாய் இருந்தாலும் நித்தியத்துக்கும் சேர்ந்திருக்கும்படி அவர்கள் செய்கிற அந்தத் திருமண முத்திரை அந்தத் தம்பதிக்குக் கிடையாது.

ஆனால் நியாயமாய் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வருமானம் என்றால் எது, பத்தில் ஒன்றை எதிலிருந்து எடுப்பது என்பதை அவர்கள் தலைமை ஒவ்வொருவருடைய மனசாட்சிக்கும் விட்டிருக்கிறது. 1970ல் அப்படியே எழுத்தில் அனுப்பினார்கள். வாயால் சொல்லுகிறதை ஏற்றுக்கொள்ளுகிறார்கள், பெட்டியைத் திறந்து எண்ணுகிறதில்லை.

இதைக் கேட்டதும் வாலிபர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்மிடத்தில் சீட்டு இல்லை, வாஸ்தவம். நோட்டு இருக்கிறதே!

நான் ஊழியத்துக்கு வந்த புதிதில், 2011ல், திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஒரு சிறிய சபையை நடத்திக்கொண்டிருந்தேன். வேதாகமக் கல்லூரி டிப்ளமோ கையில் இருந்தது, அனுபவம் கையில் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பந்திக்கு முன்பாக, போன மாதம் தசமபாகம் செலுத்தினவர்களுடைய பெயர்களை நோட்டைப் பார்த்து வாசிப்பேன். வாசித்து முடித்து, "பெயர் வராதவர்கள் தங்களைத் தாங்களே சோதித்தறிந்து பந்திக்கு வாருங்கள்" என்று சொல்லுவேன். பவுல் சொன்னதைத்தானே சொல்லுகிறோம் என்று எனக்கு நினைப்பு.

அந்த சபையில் ஒரு சகோதரி. விசைத்தறிப் பட்டறையில் தார் சுத்துற வேலை, மாதம் 2,000 ரூபாய் வரும். வீட்டுக்காரர் ரட்சிக்கப்படாதவர், போர் வண்டியில் வேலை. அந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும், வண்டி வடநாட்டுக்குப் புறப்பட்டால் மாதக்கணக்கில் திரும்பாது. அவர் மாதம் 12,000 அனுப்புவார். இரண்டு மூன்று மாதம் அந்த சகோதரியின் பெயர் நோட்டில் வரவில்லை, பந்தியிலும் கை நீட்டவில்லை. அப்புறம் மாதா மாதம் 1,400 வர ஆரம்பித்தது. நான் ஸ்தோத்திரம் சொல்லிப் பெயரை வாசித்தேன். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து வீட்டுக்காரர் வந்தார். கணக்கு இடித்தது. மளிகைக்கு ஆச்சு, பிள்ளைக்கு மருந்துக்கு ஆச்சு என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார்கள். கம்மலும் அடகுக் கடையில். எல்லாம் வெளியே வந்ததும் அவர் சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கு வந்தார். குடித்துவிட்டு வரவில்லை, சத்தம் போடவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, "ஏனுங்க பாஸ்டர், அவ சாமி கும்புடறத நான் ஒரு நாளும் தடுத்ததில்லீங்க. பொய் சொல்றதுக்கு யாருங்க கத்துக் குடுத்தது?" என்று கேட்டார்.

பிரியமானவர்களே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 1 கொரிந்தியர் 11ம் அதிகாரத்தைத் திறந்தேன். எத்தனையோ தரம் பிரசங்கித்த பகுதிதான். அபாத்திரமாய்ப் புசிக்கிறதைப் பற்றிப் பவுல் எழுதுகிறாரே, அதற்கு முன்னாலே 21, 22ம் வசனங்களில் என்ன சொல்லுகிறார்? கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு வெறிகொள்ளுகிறார்கள், இல்லாதவர்கள் பசியாயிருக்கிறார்கள். இல்லாதவர்களை நீங்கள் வெட்கப்படுத்துகிறீர்களா என்று கோபமாய்க் கேட்கிறார். பந்தியை அபாத்திரமாக்கினது இல்லாதவனுடைய வெறுங்கை அல்ல, அவனை வெட்கப்படுத்தினவர்களுடைய நடக்கைதான். அப்படியானால் அந்தச் சபையில் முதல் ஞாயிறுதோறும் பந்தியை அபாத்திரமாய் நடத்தினது யார்? நோட்டைக் கையில் பிடித்திருந்த நான்தான். தன்னைத்தான் சோதித்தறி என்றால் தன்னைத்தான். அடுத்தவனைப் பாஸ்டர் சோதிக்கட்டும் என்று அங்கே எழுதவில்லை.

அப்புறம் எண்ணாகமம் 30க்குப் போனேன். நாம் அதிகமாய் வாசிக்காத அதிகாரம். புருஷன் வீட்டிலிருக்கிற ஸ்திரீ ஒரு பொருத்தனை பண்ணினால், அவன் கேட்ட நாளிலே பேசாமலிருந்தால் அது நிற்கும். வேண்டாமென்று தடுத்தால் நிற்காது. அப்பொழுது கர்த்தர் அவளுக்கு மன்னிக்கிறார் என்றும் எழுதியிருக்கிறது. (இதை எழுதும்போது பக்கத்திலிருந்து வாசித்த என் மனைவி முகம் சுளித்தாள். அது அந்தக் காலத்து நியாயப்பிரமாணம். சம்பாதிக்கிற பெண்ணுக்குப் புருஷன் எஜமான் என்று சொல்ல நான் இதை எடுக்கவில்லை.) நான் கண்டது ஒன்றே. வீட்டுக்காரனுடைய சம்மதமில்லாதபடியால் செலுத்தக்கூடாமல் போன காணிக்கையை தேவன் அந்தப் பெண்ணின் கணக்கில் குற்றமாய் எழுதவில்லை. தேவன் எழுதாததை நான் நோட்டில் எழுதியிருந்தேன்.

ஒரு சகோதரி கேட்பார்கள்: "அபிகாயில் நாபாலுக்குச் சொல்லாமத்தானே கழுதை மேல ஏத்திக்கிட்டுப் போனாங்க?" உண்மைதான். ஆனால் அது வீட்டில் உள்ளவர்களுடைய உயிர் தப்புவதற்கு. அதையும் மறுநாள் காலையில் புருஷனிடத்தில் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். யோவன்னாளைப் பாருங்கள், லூக்கா 8:3. ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி. கூசா விசுவாசித்தானா இல்லையா என்று வேதம் சொல்லவில்லை. அந்த அம்மாள் தன்னுடைய ஆஸ்தியிலிருந்து இயேசுவுக்கு ஊழியஞ்செய்தாள் என்று மட்டும் எழுதியிருக்கிறது. அனனியா சப்பீராள் காரியத்திலும், நிலத்தை விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுரு கேட்கிறார். தொகை குறைந்ததற்காக அல்ல, பொய் சொன்னதற்காகவே நியாயத்தீர்ப்பு வந்தது.

மறுநாள் நோட்டைப் பார்த்துக் கூட்டினேன். 8,400 ரூபாய். சபைப் பணம் தகரக் கூரைக்குச் செலவாகியிருந்தது. என் மனைவி சீட்டுப் போட்டு எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, "என்னை மன்னிச்சுக்கங்க" என்றேன். அவர் எண்ணினார். மனைவியைக் கூப்பிட்டு, "உன் கூலிக்கு உண்டானது எவ்வளவு?" என்று கேட்டார். மாதம் 200, ஆறு மாதத்துக்கு 1,200. அதைத் தனியாக எடுத்து என்னிடம் நீட்டி, "இது அவ தார் சுத்துன காசுங்க. அதை நான் கேக்கறது நாயமில்லீங்க" என்றார். ரட்சிக்கப்படாத அந்த மனுஷன் எனக்குத் தசமபாகப் பாடம் எடுத்தார்.

கலியாணமாகாத வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. 1872ம் வருஷத்துக் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி, இரண்டு பேரில் ஒருவர் கிறிஸ்தவராயிருந்தாலும் விவாகம் நடத்தலாம். 1954ம் வருஷத்து விசேஷத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவு செய்யலாம். சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக 2 கொரிந்தியர் 6:14ஐ நான் மாற்றிப் போதிக்க மாட்டேன். அந்நிய நுகம் பாரமானது, அதைச் சுமக்கிறவர்களைக் கேட்டால் கண்ணீரோடு சொல்லுவார்கள். ஆனால் கலியாணம் ஆனபிறகு ரட்சிக்கப்பட்டவர்களும் சரி, கீழ்ப்படியாமல் கட்டிக்கொண்டு பின்பு மனங்கசந்து திரும்பினவர்களும் சரி, அவர்களுக்கு வேண்டியது 1 கொரிந்தியர் 7:12-16. அவிசுவாசியான புருஷன் மனைவியால் பரிசுத்தமாக்கப்படுகிறான் என்கிறார் பவுல். அந்த வீட்டைத் தீட்டான வீடு என்று பேச நமக்கு அதிகாரம் இல்லை.

இப்போது பல சகோதரிகள் மகளிர் உரிமைத் தொகையைப் பற்றிக் கேட்கிறார்கள். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கினது, அவரவர் பெயரில் வங்கிக் கணக்கில் வருகிறது. அதிலே 100 ரூபாய் கொடுக்கலாமா? கொடுக்கலாம், உங்கள் கைக்கு வந்தது. ஆனால் வீட்டில் அரிசி இல்லாமல், அவரிடம் மறைத்துக் கொடுக்காதீர்கள். அவருக்குத் தெரிந்தே கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் சண்டை போடாமல் ஜெபியுங்கள், பந்திக்கு வாருங்கள்.

நம் சபையில் பெயர் வாசிக்கிற வழக்கம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் கிடையாது என்று இத்தனை வருஷமாய் நான் சொன்னதில்லை. காணிக்கை நோட்டு பொருளாளர் சகோதரனிடத்தில் இருக்கிறது, நான் பார்க்கிறதில்லை.

அந்தத் திருச்செங்கோட்டு சகோதரியைப் போன மாதம் ஒரு உபவாசக் கூட்டத்தில் பார்த்தேன். வீட்டுக்காரர் இன்னும் ரட்சிக்கப்படவில்லை. வெள்ளிக்கிழமை மலைக்கோயிலுக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருந்தால் அந்த அம்மாவை டி.வி.எஸ்.ஸில் கொண்டுவந்து சபை வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடிகிற வரைக்கும் எதிரே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.