நிலக்கீழ் களஞ்சியத்தில் நீர்க் கசிவு: மேற்பூச்சு மட்டும் போதுமா?

கடைக்குக் கீழே களஞ்சியம் வைத்திருக்கும் வியாபாரிகள் மழைக்காலம் வந்ததும் என்னிடம் கேட்பது, "சுவருக்கு என்ன பூசலாம்?" என்பதுதான். ஹாட்வெயார் வியாபாரி என்ற வகையில் ஒரு வாளிப் பூச்சை விற்றுவிடலாம். ஆனால் அது பெரும்பாலும் வீண் செலவு.

சுவருக்கு வெளியே மண்ணில் 3 மீற்றர் உயரத்துக்கு நீர் நின்றால், அடியில் சதுர மீற்றருக்குச் சுமார் 3 தொன் அழுத்தம் விழும். உள்ளே பூசிய சாதாரண சீமெந்தும் பெயின்ற்றும் இதற்குத் தாக்குப் பிடிக்காமல் கழன்றுவிடும். சரக்கு நனைந்த பிறகே பலருக்கு இது புரிகிறது.

முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழையில்லாத நாளிலும் கசிகிறதா? இரவில் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு நீர்மானியைக் கவனியுங்கள். அது சுற்றினால் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது. மழையில் மட்டும் கசிந்தால் கூரைப் பீலியையும் வடிகானையும் பாருங்கள். பீலி நீரைச் சுவரை விட்டுத் தூரமாகத் திருப்பிவிடுவது மிக மலிவான வேலை. அதைச் செய்யாமல் சுவரை உடைப்பவர்களும் உண்டு!

அதன் பின்னும் வெடிப்பினூடாகக் கசிந்தால் பொலியூரேத்தேன் ஏற்றுவதே பொருத்தம். வெடிப்பின் இரு பக்கமும் மாறி மாறிச் சாய்வாகத் துளையிடுவார்கள். துளை சுவரின் நடுவில் வெடிப்பைச் சந்திக்க வேண்டும். பிறகு கீழ்த் துளையிலிருந்து மேல்நோக்கிப் பம்பினால் ஏற்றுவார்கள். இத்திரவம் நீரைத் தொட்டதும் நுரைத்துப் பெருகி வழியை அடைக்கும். எனவே சுவர் ஈரமாக இருப்பது தடையல்ல. எப்பொக்சி அப்படியல்ல, பொதுவாக அதற்கு உலர்ந்த வெடிப்பு வேண்டும். நீர் பீறிடும் ஓட்டையைச் சில நிமிடங்களில் இறுகும் விசேட சீமெந்தால் அடைக்கலாம். ஆனால் ஓட்டையின் வாயை விட உட்புறம் அகலமாக இருக்கும்படி வெட்டாவிட்டால் அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

வெடிப்பு நாளுக்கு நாள் அகன்றாலோ கம்பித் துரு வெளியே தெரிந்தாலோ, மருந்தை மறந்துவிட்டு ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள்.

கொந்தராத்து பேசும்போது மீற்றருக்கு எவ்வளவு, திரும்பக் கசிந்தால் யார் செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணத்தில் ஒரு பகுதியை அடுத்த பெருமழை கழியும் வரை கையில் வைத்திருக்க உடன்படுங்கள். அதுவரை சரக்கைப் பலகைத் தட்டுகளில் ஏற்றி, சுவரிலிருந்து ஓரடி தள்ளியே அடுக்குங்கள்.