முதல் நாவலுக்கு மட்டும் தள்ளுபடி

என்னுடைய மூன்று துப்பறியும் நாவல்கள் கிண்டிலில் உள்ளன. மூன்றுக்கும் விலையைக் குறைத்து முகநூலில் தினமும் அறிவிக்கிறேன். விற்பனை அசையவில்லையே, என்ன செய்யலாம்?
– வாசகர், கும்பகோணம்

முதல் நாவலுக்கு மட்டும் விலையைக் குறையுங்கள். மற்ற இரண்டும் முழு விலையிலேயே இருக்கட்டும். துப்பறியும் கதை படிப்பவர் ஒரு கதாபாத்திரத்தைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடமாட்டார். ராஜேஷ்குமாரின் விவேக்குக்காகவும் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலாவுக்காகவும் கடை கடையாக மாத நாவல் தேடிய கூட்டம் அல்லவா! ஆகவே முதல் நாவலின் கடைசிப் பக்கத்தை அடுத்து, இரண்டாவதின் முதல் அத்தியாயத்தையும் அதை வாங்கும் இணைப்பையும் சேர்த்துவிடுங்கள். கொலையாளி பிடிபட்ட சூட்டில்தான் அடுத்த புத்தகத்துக்குக் கை நீளும்.

அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்திருந்தால் 90 நாளில் 5 நாள் இலவசமாகவும் தரலாம். அந்த நாட்களில் ராயல்டி வராது, வாசகர்கள் வருவார்கள். ஆனால் சலுகை தொடங்குவது அமெரிக்காவின் பசிபிக் நேர நள்ளிரவில். நமக்கு அது பகல் 12.30 அல்லது 1.30 மணி. காலையிலேயே அறிவித்தால், வந்தவர் பழைய விலையைப் பார்த்துத் திரும்பிவிடுவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறிவியுங்கள்.

முகநூலில் 'தள்ளுபடி, தள்ளுபடி' என்று கூவ வேண்டாம். பிணம் கண்ணில் படுவதற்கு முந்தைய நான்கு வரிகளைப் போடுங்கள். விலை கடைசி வரியில் இருந்தால் போதும்.