கணிப்பொறி மறந்தது, தட்டு மறக்கவில்லை

சென்ற ஆண்டு எங்கள் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவர் இருவர், ஒருவர் பின் ஒருவராக, முகம் வாடி என் அறைக்கு வந்தனர். இருவருக்கும் ஒரே துயரம். கணிப்பொறி மெதுவாக ஓடுகிறதென்று, அதை வாங்கிய நாளில் இருந்த நிலைக்கே மீட்டமைத்துவிட்டார்கள். ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்ற கட்டத்தை அழுத்தியதும் நான்கு மாதச் சோதனை அளவீடுகள் மறைந்து போயின. முதல் மாணவனின் அளவீடுகளில் பெரும்பகுதியை எங்கள் ஆய்வக உதவியாளர் மீட்பு மென்பொருளைக் கொண்டு அன்று மாலைக்குள் எடுத்துத் தந்தார். மற்றவனுக்கு ஓர் எண்கூடத் திரும்பவில்லை. செய்த தவறு ஒன்று. விளைவு மட்டும் ஏன் இரண்டு?

முதல் கணிப்பொறியில் இருந்தது சுழலும் வன்தட்டு. மற்றதில் இருந்தது, கடைகளில் எஸ்.எஸ்.டி. என்று கேட்டு வாங்கும் திண்மநிலை நினைவகம்.

வன்தட்டு என்பது காந்தப் படலம் பூசிய தட்டு. படலத்தின் மிகச் சிறு பகுதி ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அக்காந்தங்களின் திசை எங்கே மாறுகிறது, எங்கே மாறவில்லை என்பதே 1, 0 என்னும் குறிகளாகிறது. தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் தலை அதைப் படிக்கிறது. 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துகளே அடங்கின. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது சரியாகிவிடும்!

எந்தக் கோப்பு தட்டில் எங்கே உள்ளது என்பதற்குக் கணிப்பொறி ஒரு பொருளடக்கம் வைத்திருக்கிறது. விரைவான மீட்டமைப்பு அந்தப் பொருளடக்கத்தை மட்டுமே கிழித்தெறிகிறது. பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றின்மேல் புதிதாக எதையேனும் எழுதும்வரை பழைய காந்தங்கள் திசை மாறுவதில்லை. முதல் மாணவன் தவறு தெரிந்தவுடன் பயந்துபோய்க் கணிப்பொறியை அணைத்துவிட்டான். அந்தப் பயமே அவனைக் காப்பாற்றியது.

திண்மநிலை நினைவகத்தில் சுழல்வது எதுவுமில்லை. அதில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. மின்கடத்தாப் பொருளால் நாற்புறமும் சூழப்பட்ட ஒரு சிறு தீவில் எலெக்ட்ரான்களைச் சிறைவைப்பதே இதன் தந்திரம். உயர் மின்னழுத்தம் கொடுத்தால், குவாண்டம் இயற்பியல் கூறும் சுரங்க விளைவினால் எலெக்ட்ரான்கள் அச்சுவரை ஊடுருவிச் செல்கின்றன. காங், ஸீ என்ற இரு இயற்பியலாளர்கள் 1967-இல் பெல் ஆய்வகத்தில் இக்கருத்தை வெளியிட்டனர். தோஷிபா நிறுவனத்தின் மசுவோகா 1984-இல் இதிலிருந்து பிளாஷ் நினைவகத்தை உருவாக்கிக் காட்டினார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எழுதிய இடத்தில் அப்படியே மறுபடி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். ஓர் எழுத்தை மட்டும் அழிக்கவும் முடியாது, பெரிய தொகுதியாகத்தான் அழிக்க இயலும். கரும்பலகையில் ஒரு சொல்லைத் திருத்த, பலகை முழுவதையும் துடைப்பது போல! இதனால் வேலை தாமதமாகாமலிருக்க, இன்ன இன்ன இடங்கள் இனி தேவையில்லை என்று கணிப்பொறி முன்கூட்டியே நினைவகத்துக்குச் சொல்லிவிடுகிறது. இக்கட்டளைக்கு டிரிம் என்று பெயர். நினைவகம் ஓய்வு நேரத்தில் அவற்றைத் துடைத்துவிடும். இரண்டாம் மாணவனுக்கு நேர்ந்தது இதுதான்.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். வன்தட்டுள்ள பழைய கணிப்பொறியை விற்கும்போது விரைவான மீட்டமைப்பு போதாது. வீட்டுப் படங்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் வாங்குபவர் கையில் போய்ச் சேரலாம். இயக்ககத்தை முழுவதும் துப்புரவு செய்யும் தேர்வை நாடுங்கள். பல மணி நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

சரி, வேகத்துக்கு எதை வாங்குவது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு வினாடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. தேவையான இடம் தலைக்கடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 4 மில்லிவினாடி ஆகும். தலை நகரச் சுமார் 9 மில்லிவினாடி சேர்த்தால் 13. சிதறிய 10,000 இடங்களைப் படிக்க 130 வினாடிகள்! திண்மநிலை நினைவகத்தில் ஓரிடத்துக்குச் சுமார் 0.1 மில்லிவினாடிதான், எல்லாம் ஒரே வினாடியில் முடியும். ஆக, முதல் மாணவன் மீட்டமைத்தது ஏறக்குறைய வீண்வேலை. அவன் மாற்றியிருக்க வேண்டியது இயக்ககத்தை.

வாங்குமுன் கணிப்பொறியின் கையேட்டைப் பாருங்கள். எம்.2 என்ற மெல்லிய பட்டைகளில் சாட்டா, என்.வி.எம்.இ. என இருவகை உண்டு. தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள், ஒன்றுக்குரிய இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். 500 ஜிகாபைட் என வாங்கியது திரையில் 465 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஒரு ஜிகாபைட்டை 100 கோடி பைட் என்கிறார். விண்டோஸ் 2-இன் 30-ஆம் அடுக்கு, அதாவது 107 கோடிக்குச் சற்று மேல் என்று கொள்கிறது. வகுத்துப் பாருங்கள்.

இன்னொன்று: சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் மெல்லக் கசியும், வெப்பம் மிகுந்தால் விரைந்து கசியும். மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டிவைக்கத் திண்மநிலை நினைவகம் ஏற்றதன்று. நகல் எடுத்து வைக்க இன்றும் வன்தட்டே என் தேர்வு. முதல் மாணவன் தன் பழைய வன்தட்டைக் கழற்றி, ஒரு வெளிப்பெட்டியில் பொருத்தி, அதற்கே பயன்படுத்துகிறான். மற்றவன் அளவீடுகளை முதலிலிருந்து எடுத்தான். அவனுக்காக ஆய்வகத்தை மூன்று வாரம் இரவு எட்டு மணிவரை திறந்து வைத்திருந்தோம்.