தலைவலியும் தாடை மூட்டும்

காதின் முன்புறத்தில் விரலை வைத்து வாயைத் திறந்து மூடின், ஆங்கொரு மூட்டு அசைவதை உணர்வோம். அதுவே தாடை மூட்டு. எலும்புகளிரண்டும் உராயாவண்ணம் இடையே மெல்லிய தட்டொன்று அமைந்துள்ளது. அம்மூட்டை இயக்கும் தசைகளுள் ஒன்று நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்து கிடக்கின்றது. நாம் உறக்கத்தில் பல்லைக் கடிப்பினும், பரீட்சைக் கவலையால் பகலில் இறுக்கினும், அத்தசை ஓய்வின்றி உழைக்கின்றது. அவ்வுழைப்பின் கூலியே பலர்க்கு நாடோறும் வரும் தலைவலி. மூக்குக்கண்ணாடியை மாற்றியும் தைலம் தடவியும் பயன் காணாதார் தாடையை நினைப்பதே அரிது.

1934-ஆம் ஆண்டில் காஸ்டென் என்னும் அமெரிக்க மருத்துவர், கடைவாய்ப் பற்களின் இழப்பே இதற்குக் காரணமென எழுதினார். அக்கொள்கை பின்னர் நிலைபெறவில்லை. ஆதலின், பற்களை அராவித் தேய்த்துக்கொள்ள விரைவோர் சற்றே பொறுப்பாராக.

உதடுகள் பொருந்தியிருப்பப் பற்கள் தம்முள் தொடாதிருத்தலே தாடையின் ஓய்வுநிலை. இதனைப் படிக்கும்பொழுதும் பன்முறை நினைந்து பழகுதல் வேண்டும். வலி மிகுங்கால் முறுக்கையும் கரும்பையும் விலக்கிக் குழைந்த சோறுண்டு, கன்னத்தில் வெந்நீர் ஒற்றடம் இடலாம். இரவில் பற்களினிடையே அணியும் தகடு சிலர்க்கு உதவும். வலி மாத்திரையை நாடோறும் விழுங்குதலோ தானே தலைவலியை வளர்க்கும்.

ஐம்பது வயது கடந்த நம் பெற்றோர்க்குப் புதிதாய்ப் பொட்டுவலியும் மெல்லுங்கால் தாடை நோவும் ஒருங்கே தோன்றின், அது கண்ணொளியைக் கவரும் இரத்தக்குழாய் நோயாதலும் கூடும். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்க.