வைடு ரிசீவர் பிளாக் செய்தால் ஓட்டம் நீளும்: கேம் பிரியர்களுக்குச் சில குறிப்புகள்

மேடன் மாதிரியான அமெரிக்க ஃபுட்பால் கேம்களில் அணி கட்டுபவர்கள் வைடு ரிசீவரை வேகம், கேட்ச் இரண்டையும் பார்த்துத்தான் எடுப்பார்கள். எதிராளியைத் தடுத்து நிறுத்துவதும் அவர் வேலைதான் என்பது, ரன்னிங் பேக் திரும்பத் திரும்ப ஐந்து கெஜத்திலேயே விழும்போதுதான் நினைவுக்கு வரும். கையில் கன்ட்ரோலரோடு ஆடுகிறவர்களுக்கும், பொத்தானைத் தட்டி முழு சீசனையும் ஓடவிட்டு முடிவை மட்டும் பார்க்கிறவர்களுக்கும் இந்தக் குறிப்புகள் உதவும்.

1. முதல் நான்கைந்து கெஜம் லைன்மேன்கள் ஐவரின் பொறுப்பு. அதைத் தாண்டியபின் எதிரே வருபவர்கள் கார்னர்பேக்கும் சேஃப்டியும். அவர்களைப் பிடித்து வைக்க வேண்டியவர் ரிசீவர். ஐந்து கெஜ ஓட்டத்தை இருபதாக்க அவரால் முடியும். இரண்டு கெஜத்திலேயே ஓட்டம் படுத்துவிடுகிறது என்றால் ரிசீவரை மாற்றிப் பயனில்லை, லைனைக் கவனியுங்கள்.

2. மேடனில் ரன் பிளாக், இம்பாக்ட் பிளாக், லீட் பிளாக் என்று தனித்தனி எண்கள் உண்டு, உச்சம் 99. ரிசீவருக்கு ரன் பிளாக்கோடு இம்பாக்ட் பிளாக்கையும் சேர்த்துப் பாருங்கள். திறந்த வெளியில் ஓடி வந்து மோதும் வேலைக்கு அதுதான் கணக்கு. உடல் பலத்துக்கான எண்ணையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ரிசீவரின் ஓவரால் எண் பெரும்பாலும் வேகம், கேட்ச், ரூட் ஓடும் திறமை இவற்றிலிருந்தே வருகிறது. அதனால் நன்றாக பிளாக் செய்பவர் பல நேரம் மலிவாகவே கிடைப்பார்.

3. நடுவில் குத்திக்கொண்டு ஓடும் டைவ், இன்சைட் ஸோன் ஆட்டங்களில் ரிசீவரின் பங்கு குறைவு. ஸ்டிரெச், டாஸ், ஜெட் ஸ்வீப் என்று ஓரமாக ஓடும் ஆட்டங்களில்தான் அவர் மதிப்பு தெரியும். பபுள் ஸ்கிரீன் பெயருக்குத்தான் பாஸ். அங்கேயும் முன்னால் நிற்கும் ரிசீவர் பிளாக் செய்யாவிட்டால் பந்து வாங்கிய இடத்திலேயே கதை முடிந்துவிடும்.

4. ரிசீவர் எங்கே நிற்கிறார் என்பது அவருடைய எண்ணைவிட முக்கியம். மைதானத்தின் அகலம் 53 கெஜத்துக்குச் சற்று மேல். கோட்டோரமாக ஒதுங்கி நின்றால் அவர் தன் கார்னர்பேக்கை மட்டுமே தடுக்க முடியும். நெருக்கி நிறுத்தினால் உள்ளே இருக்கும் லைன்பேக்கரையோ சேஃப்டியையோ போய் அடைக்கலாம். ஷான் மெக்வே பயிற்சியில் 2018இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி பெரும்பாலும் மூன்று ரிசீவர்களோடு ஆடியது. அவர்களை அடிக்கடி லைனுக்குப் பக்கத்தில் நெருக்கி நிறுத்தியது. ராபர்ட் உட்ஸ், கூப்பர் கப் போன்றவர்கள் தடுக்கத் தயங்காதவர்கள். அந்த சீசனில் டாட் கர்லி 1,251 கெஜம் ஓடினார். கேமில் இதற்கு பன்ச், டைட் வகை ஃபார்மேஷன்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு எச்சரிக்கை: ரிசீவர் நெருங்கி வந்தால் அவரைக் காவல் காக்கும் கார்னர்பேக்கும் கூடவே நெருங்கி வருவார். அவரைக் கவனிக்க யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஓடுங்கள்.

5. பக்கவாட்டிலிருந்து வந்து இடிக்கும் பிளாக் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் விதிகள் மாறிவிட்டன. இதில் பேர் போனவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ஹைன்ஸ் வார்ட். சரியாக 1,000 கேட்ச் பிடித்தவர், கூடவே தடுப்பதிலும் கில்லாடி. 2008இல் அவர் இடித்ததில் சின்சினாட்டி லைன்பேக்கர் கீத் ரிவர்ஸின் தாடை உடைந்தது. மறு ஆண்டே தலை, கழுத்துப் பகுதியில் அப்படி இடிக்கத் தடை வந்தது. பார்க்காத பக்கத்திலிருந்து பலமாக மோதுவதையே 2019இல் என்எஃப்எல் தடை செய்தது. தண்டனை 15 கெஜம். பிடித்து இழுத்தால் 10 கெஜம். இருபது கெஜம் ஓடிய ஆட்டத்தையே ஒரு ஹோல்டிங் தண்டனை அழித்துவிடும்.

6. கன்ட்ரோலரில் ஆடும்போது பந்து கைக்கு வந்ததுமே வேகப் பொத்தானை அழுத்தாதீர்கள். ரிசீவர் தன் ஆளைப் பிடிக்க ஒரு கணம் அவகாசம் கொடுங்கள். அவர் எதிராளியை வெளியே தள்ளினால் உள்ளே வெட்டுங்கள், உள்ளே தள்ளினால் வெளியே ஓடுங்கள். பாதிப் பேர் பிளாக்கைக் குறை சொல்வதே இந்த அவசரத்தால்தான்.

7. மூன்றாவது ரிசீவர் இடத்தில் டைட் எண்ட் ஒருவரை இறக்கிப் பாருங்கள். பிளாக் உடனே கூடும். ஆனால் அவர் வந்தாலே ஓட்டம்தான் என்று எதிரில் ஆடும் நண்பர் கண்டுபிடித்துவிடுவார். இடையிடையே அவருக்கு ஒரு பாஸ் போடுங்கள்.

8. சராசரியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 2006 பிப்ரவரியில் நடந்த 40வது சூப்பர் பௌலில் ஸ்டீலர்ஸின் வில்லி பார்க்கர் 10 முறை ஓடி 93 கெஜம் எடுத்தார். சராசரி 9.3, பிரமாதம். ஆனால் அதில் ஒரே ஓட்டம் 75 கெஜம். அதைக் கழித்தால் மீதி 9 ஓட்டங்களில் 18 கெஜம், அதாவது ஓட்டத்துக்கு 2. ரிசீவரின் பிளாக் வேலை செய்வது இப்படிப்பட்ட நீண்ட ஓட்டங்களில்தான். எனவே 10 கெஜம் தாண்டியவை எத்தனை, 20 தாண்டியவை எத்தனை என்று தனியாக எழுதி வையுங்கள்.

9. ரிசீவரை மாற்றிவிட்டு நான்கு போட்டி ஓட்டிப் பார்த்து "வித்தியாசமே இல்லை" என்று சொல்வோர் உண்டு. தனி ஓட்டம் ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து ஏறத்தாழ ஆறு கெஜம் மேலும் கீழும் ஆடும். அந்தக் கணக்கில் 100 ஓட்டங்களின் சராசரி அதிர்ஷ்டத்தால் மட்டுமே அரை கெஜத்துக்கு மேல் ஏறி இறங்கலாம். 900 ஓட்டம் சேர்ந்தால் அந்த ஏற்ற இறக்கம் 0.2 கெஜமாகக் குறையும். ஓர் அணி சீசனுக்கு ஏறத்தாழ 450 முறை ஓடுகிறது. ஆகவே ரிசீவரை மாற்றும் முன்பும் பின்பும் சில சீசன்களையாவது ஓடவிடுங்கள். மற்ற ஆட்களையும் ஆட்டத் தேர்வையும் தொடாதீர்கள்.

10. போட்டியை ஆடாமல் முடிவை மட்டும் வரவழைக்கும்போது யாரும் யாரையும் தடுப்பதில்லை, எண்களை வைத்துக் கணக்குத்தான் நடக்கிறது. அதில் ரிசீவரின் பிளாக் சேர்கிறதா என்பது கேமுக்குக் கேம் மாறும். கையேட்டைப் படியுங்கள். எழுத்து வடிவ கேம்களிலும் அட்டை வைத்து ஆடும் கேம்களிலும் பிளாக் எண் லைன்மேனுக்கும் டைட் எண்டுக்கும் மட்டும் இருந்தால், ரிசீவரிடம் அதைத் தேடிக் காசு செலவழிக்காதீர்கள்.

11. கேட்ச், வேகம் இரண்டிலும் சமமான இருவர் கிடைத்தால் நன்றாக பிளாக் செய்பவரை எடுங்கள். பிளாக்குக்காகக் கேட்சை விட்டுக்கொடுப்பது நஷ்டம்.